ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு முழு நாள்: எதை, எந்த வரிசையில், எந்த வரலாற்றோடு பார்ப்பது?

அல்சூர்ச் செல்வி எழுதியது:

பெங்களூர்த் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் சில, மாதம் ஒருமுறை கூடி ஏதேனும் ஒரு வரலாற்றுப் பொருளைப் படித்துப் பேசி வருகிறோம். வரும் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய் வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். மைசூருக்குப் போகும் வழியில் நாங்கள் எல்லோருமே அங்கே இறங்கியிருக்கிறோம். ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, கோடை மாளிகையை அவசரமாகச் சுற்றிவிட்டு வண்டியேறுவதே வழக்கமாக இருந்திருக்கிறது. இந்த முறை அப்படி வேண்டாம், அந்த ஊருக்காகவே போக வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

எங்கே தொடங்குவது, எந்த இடத்துக்கு எந்த வரலாற்றைப் படித்துக்கொண்டு போவது என்று அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மைசூர் அரண்மனையையும் அதே நாளில் சேர்க்க வேண்டும் என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். குழுவில் எழுபது வயதைக் கடந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

காவிரித்தடம் எழுதியது:

செல்வி அம்மா, மைசூரை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைசூரைச் சேர்த்தால் நீங்கள் தவிர்க்க நினைக்கும் அவசரம் தானாகவே வந்துவிடும். ஸ்ரீரங்கப்பட்டணம் ஒரு நாளை முழுமையாகக் கேட்கும் ஊர்.

முதலில் ஊரின் கிடப்பை எல்லோருக்கும் விளக்கிவிடுங்கள். காவிரி இங்கே இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக்கொண்டு ஓடி, கிழக்கே சங்கமத்தில் மீண்டும் ஒன்று சேர்கிறது. தீவின் மேற்கு முனையில் கோட்டை. அதற்குள் கோயில், மசூதி, பழைய சிறை, இடிந்த அரண்மனையின் அடித்தளம் எல்லாம் இருக்கின்றன. கோட்டைக்கு வெளியே, கிழக்கே சற்றுத் தள்ளி தரியா தௌலத் மாளிகை. அதையும் தாண்டினால் கஞ்சாம் என்னும் பழைய பேட்டை, கும்பஸ் எனப்படும் சமாதி மண்டபம், பிறகு சங்கமம். இந்த வரிசை மனதில் இருந்தால் வழி தேடி அலைய வேண்டியதில்லை.

வரலாற்றைத் திப்புவிலிருந்து தொடங்குவது பலருடைய வழக்கம். ஆனால் திப்பு பிறப்பதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகவே இந்தத் தீவு ரங்கநாதரின் ஊராக இருந்தது. கங்க மன்னர்களுக்கு அடங்கிய திருமலையா என்ற தலைவர் 894இல் கோயிலை எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் ஹொய்சளர்களும் விஜயநகர அரசர்களும் விரிவுபடுத்தினார்கள். விஷ்ணுவின் இருபத்து நான்கு வடிவங்களைச் செதுக்கிய தூண்கள் இங்கே இருக்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். பள்ளிகொண்ட பெருமாளின் திருவடிப் பக்கத்தில் காவிரித் தாயின் உருவம் இருப்பதையும் சேவிக்கும்போது கவனியுங்கள்.

நம்மவர்களுக்கு இந்தக் கோயில் ஏன் நெருக்கமானது என்பதையும் சொல்ல வேண்டும். காவிரி மூன்று இடங்களில் தீவுகளைப் படைக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆதிரங்கம், சிவனசமுத்திரத்தில் மத்தியரங்கம், நம் திருவரங்கத்தில் அந்தியரங்கம் என்று மூன்றிலும் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். மூன்றையும் ஒரே நாளில் சேவிப்பது பெரும்பேறு என்பது நம்பிக்கை. கும்பகோணத்துச் சார்ங்கபாணியையும் மயிலாடுதுறைப் பரிமள ரங்கநாதரையும் கோயிலடி அப்பக்குடத்தானையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தோடும் திருவரங்கத்தோடும் சேர்த்துப் பஞ்சரங்கம் என்று போற்றுவோரும் உண்டு. திருச்சியிலிருந்து பெங்களூருக்குக் குடியேறிய குடும்பம் ஒன்று இங்கே வந்து நிற்கும்போது, தங்கள் ஊர் ஆற்றின் மேல்கரையில்தான் நிற்கிறது.

மதியத்தில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே கோயிலை முற்பகலில் முடித்துக்கொள்ளுங்கள்.

பையப்பனஹள்ளி ரயில்பிரியன் எழுதியது:

போக்குவரத்து பற்றி மட்டும் சொல்கிறேன். பெங்களூர்–மைசூர் ரயில் பாதை தீவைக் குறுக்காகக் கடந்து செல்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணம் நிலையத்தில் இறங்கினால் கோட்டைக்கு நடந்தே போகலாம். எல்லா விரைவு வண்டிகளும் நிற்பதில்லை, ஆகவே முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு திப்பு எக்ஸ்பிரஸ் என்று ஓடிய வண்டி 2022 முதல் உடையார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் ஓடுகிறது. சாலை வழியாகப் போவதானால், 2023இல் திறந்த விரைவுச் சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சரியான இடத்தில் இறங்காவிட்டால் மைசூர் வந்துவிடும். பெரியவர்கள் இருப்பதால் சிற்றுந்து அமர்த்திக்கொள்வதே நல்லது. தீவுக்குள் ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் இடையே வெயிலில் நடப்பது அவர்களுக்குச் சிரமம்.

ரயிலில் வருபவர்கள் ஒன்றைப் பார்க்கத் தவற வேண்டாம். இரட்டைப் பாதை போடுவதற்குத் திப்பு காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று இடையூறாக நின்றது. அதை இடிக்காமல், 2017இல் முழுக் கட்டடத்தையும் அடியோடு தூக்கி அருகில் வேறோர் இடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். ஒரு செங்கல் கட்டடத்துக்காக ரயில்வே இவ்வளவு பொறுமை காட்டியது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கண்டோன்மென்ட் வாரிசு எழுதியது:

செல்வி அம்மா அல்சூரிலிருந்து எழுதியிருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பிரேசர் டவுனிலும் வாழும் தமிழர்களின் வரலாறு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறது. இதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்கிறேன். ஆங்கிலேயர் திப்புவோடு நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரில் 1791 மார்ச் 21 அன்று அவர்களின் தளபதி காரன்வாலிஸ் பெங்களூர்க் கோட்டையைப் பிடித்தார், கே.ஆர். மார்க்கெட் அருகே இன்றும் நிற்கும் கோட்டை வாயில் அந்தக் கோட்டையின் மிச்சம். மே மாதம் அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எல்லைக்கே போய்விட்டார். ஆனால் மழை பிடித்துக்கொண்டது, தீவனமும் தானியமும் தீர்ந்தன, பீரங்கி இழுத்த மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. கையோடு கொண்டுபோன முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்ப நேர்ந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் வந்து, இரவுத் தாக்குதலில் தீவின் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றினார்கள். தீவில் இருந்த லால் பாக் தோட்டத்து மரங்களை வெட்டி முற்றுகைத் தடுப்புகள் அமைத்தார்கள். திப்பு உடன்படிக்கைக்கு இணங்கினார்: பாதி நாடு போயிற்று, மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது, பணம் கட்டி முடியும்வரை இரண்டு மகன்கள் பிணையாகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அந்தப் பாதி நாட்டில்தான் சேலம், கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாரமகாலும் திண்டுக்கல்லும் இருந்தன. இன்று ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் நாம் கடந்து செல்லும் மண்ணின் தலைவிதியும் இந்தத் தீவில்தான் முடிவாயிற்று.

1799இல் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு, 1792இல் பெற்ற அதே பாரமகால் வழியாகவே மேலேறி வந்தது. முந்தைய முறை பட்ட பாடு அவர்களுக்கு நினைவிருந்தது. மழைக்கு முன் முடித்தாக வேண்டும். காவிரியில் நீர் குறைந்திருக்கும் மே 4 அன்று நடுப்பகலில், ஆற்றின் பாறைப்படுகையைக் கால்நடையாகக் கடந்து, கோட்டையின் வடமேற்கு மூலையில் பீரங்கியால் உடைத்த பிளவு வழியே ஏறினார்கள். வெயிலின் உச்சத்தில், காவலர்கள் ஓய்ந்திருந்த வேளை பார்த்துத் தேர்ந்தெடுத்த நேரம் அது. அன்று மாலைக்குள் கோட்டை விழுந்தது. திப்புவின் உடல் நீர்வாயிலுக்கு அருகே மற்ற உடல்களிடையே கண்டெடுக்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு கல் நிற்கிறது.

நம் கதை இங்கிருந்து கிளைக்கிறது. வெற்றிக்குப் பிறகு ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே தங்கியது. தீவின் ஈரமும் கொசுவும் காய்ச்சலும் வீரர்களைத் தின்றன. அதனால் 1809இல் படைத்தளத்தைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அதுவே கண்டோன்மென்ட் ஆயிற்று. மதராஸ் படையின் தளம் என்பதால், சிப்பாய்களோடு தமிழ் பேசும் கைவினைஞர்களும் வண்டிக்காரர்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் வடார்க்காட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறினார்கள். அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு 1834 முதல் பெங்களூரில் இருக்கிறது. அதன் முன்னோடியான பயனியர் படை ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பங்கு பெற்று, அதற்கான போர் விருதையும் சுமந்து வருகிறது. அந்தத் தீவில் காய்ச்சல் பரவியிராவிட்டால் கண்டோன்மென்ட் இங்கே வந்திருக்குமா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

ஆகவே கோட்டையின் மேற்கு முனையில் இருக்கும் நினைவுத்தூணுக்குக் கட்டாயம் போங்கள். முற்றுகையில் மாண்டவர்களுக்காக மைசூர் அரசு 1907இல் எழுப்பியது அது. அதன் அருகே மதில்மேல் நின்று ஆற்றைப் பார்த்தால், எந்த இடத்தில் கடந்தார்கள், எங்கே ஏறினார்கள் என்பது யாரும் விளக்காமலே புரியும்.

பாலாற்றங்கரை எழுதியது:

காஞ்சிபுரம் பக்கத்துக்காரன் என்ற முறையில் தரியா தௌலத் மாளிகையைப் பற்றி எழுதுகிறேன்.

1784இல் திப்பு கட்டிய கோடை மாளிகை இது. பெரும்பகுதி தேக்கு மரத்தால் ஆனது, உயரமில்லாதது, சுற்றிலும் தோட்டம். வெளியே தொங்கும் பச்சைத் திரைகளைப் பார்த்துவிட்டு எளிய கட்டடம் என்று எண்ணி உள்ளே போகிறவர்களுக்குச் சுவர்கள் முழுவதும் ஓவியமாக இருப்பது பெரும் வியப்பைத் தரும். மேற்குச் சுவரில் வரையப்பட்டிருப்பது பொள்ளிலூர்ப் போர். அந்தப் பொள்ளிலூர் காஞ்சிபுரத்துக்கு அருகில் இருக்கும் நம் புள்ளலூர்தான். பல்லவருக்கும் சாளுக்கியருக்கும் நடந்த போரால் ஏற்கெனவே பெயர்பெற்ற களம் அது.

1780 செப்டம்பர் 10 அன்று, கர்னல் பெய்லியின் படை காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவோடு சேர்வதற்காக வந்துகொண்டிருந்தது. இரண்டு படைகளுக்கும் இடையே சில மைல்களே இருந்தன. ஆனாலும் மன்றோ உரிய நேரத்தில் உதவிக்கு வரவில்லை. திப்புவின் தந்தை ஹைதரும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர்ப் படையின் ஏவுகணைகள் ஒருபுறம் தாக்க, ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. ஓவியத்தில் அந்த வெடிப்பைத் தேடிக் கண்டுபிடியுங்கள். சிவப்புச் சட்டைக்காரர்கள் சதுரமாக அணிவகுத்து நிற்க, நடுவே காயம்பட்ட பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பார். நான்கு பக்கமும் குதிரைப்படை நெருக்கிக்கொண்டு வருவதைத் தூர நெருக்கம் பார்க்காமல், தட்டையாக, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே தெரியுமாறு வரைந்திருக்கிறார் அந்தப் பெயர் தெரியாத ஓவியர். பின்னால் சேதமுற்றபோது டல்ஹௌசி பிரபுவின் ஆணையால் மீண்டும் தீட்டப்பட்டிருக்கிறது. அதனால் வண்ணத்தில் எல்லாமே முதலில் இருந்தபடி என்று கொள்ள முடியாது. என்றாலும் அமைப்பு பழையது.

இங்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். எதிர்ச்சுவரில் அந்நாளைய அரசர்களும் நவாபுகளும் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அருங்காட்சியகத்தில் உள்ள பென்சில் ஓவியங்களும் அச்சுப் படங்களும் நல்லவை. ஆனால் காஞ்சிபுரத்துப் போர் ஒன்று காவிரித் தீவின் சுவரில் இருக்கிறது என்பதை உங்கள் பிள்ளைகள் அறிந்துகொண்டால் எனக்கு அதுவே போதும்.

ஓவியத்தைப் பார்த்த பிறகு சிறையைப் பார்த்தால் தொடர்பு விளங்கும். ரங்கநாதர் கோயிலுக்கு வடக்கே, மதிலை ஒட்டி, வளைவுக் கூரையோடு தாழ்ந்து கிடக்கும் வெள்ளைக் கட்டடம் பெய்லியின் பெயரால் வழங்கும் பாதாளச் சிறை. சுவரில் பதித்த கற்களில் கைதிகளைச் சங்கிலியால் பிணைத்தார்கள் என்று காட்டுவார்கள். பெய்லி 1782 நவம்பரில் இந்த ஊரிலேயே இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பேர்டு என்ற இளம் அதிகாரி 1784 உடன்படிக்கைக்குப் பிறகே விடுதலையானார். 1799 மே 4 அன்று ஆற்றைக் கடந்து படையை முன்னின்று நடத்தியவர் அதே பேர்டுதான்.

மேல்கோட்டை வழி எழுதியது:

நண்பர்கள் எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வரலாற்றை ஒரு வீரனின் கதையாக மட்டும் சொல்லும்போது, என் போன்ற குடும்பங்களின் நினைவு விடுபட்டுப் போகிறது.

நாங்கள் மண்டயம் ஐயங்கார்கள். இராமானுசர் காலம் முதல் மேல்கோட்டையைச் சார்ந்து வாழ்ந்து, கன்னட நாட்டில் இருந்தும் வீட்டில் எங்களுக்கே உரிய தமிழைப் பேசி வருகிறவர்கள். எங்கள் வீடுகளில் நரக சதுர்த்தசியன்று பண்டிகை கொண்டாடுவதில்லை. திப்புவின் காலத்தில் அந்த நாளில் எங்கள் முன்னோர் பெரும் எண்ணிக்கையில் கொல்லப்பட்டார்கள் என்பது தலைமுறை தலைமுறையாக எங்களுக்குச் சொல்லப்பட்டு வருவது. மைசூரின் பழைய அரச குடும்பமான உடையார் வம்சத்து ராணி லட்சுமம்மணியின் சார்பாக ஆங்கிலேயரோடு பேச்சு நடத்திய திருமலை ராவ், நாராயண ராவ் சகோதரர்கள் எங்கள் சமூகத்தவர். அதற்கான பழிவாங்கல் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது பெரும்பாலும் வாய்மொழி நினைவு என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் ஒரு சமூகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் பண்டிகையைத் துறந்து காக்கும் நினைவுக்கு அந்தத் தீவில் ஒரு பலகைகூட இல்லை. உங்கள் குழு பேசும்போது இதையும் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நொய்யல் எழுதியது:

மேல்கோட்டை நண்பர் சொன்னதை ஒதுக்க முடியாது. தஞ்சை நாட்டிலும் 1781இல் ஹைதரின் படை புகுந்து வயல்களை அழித்த கொடுமை நம் வரலாற்றில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதே வேளையில் கொங்கு நாட்டிலும் சிவகங்கையிலும் இருக்கும் நினைவு வேறு. நாட்டை இழந்த வேலு நாச்சியார் திண்டுக்கல் பகுதியில் தங்கி, ஹைதரின் உதவியைப் பெற்று 1780இல் சிவகங்கையை மீட்டார். தீரன் சின்னமலை திப்புவின் பக்கம் நின்று ஆங்கிலேயரை எதிர்த்து, திப்பு இறந்த பின்னும் போரைத் தொடர்ந்து, 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார்.

கோட்டைக்குள்ளேயே இந்த இரட்டை நிலை தெரியும். ரங்கநாதர் கோயிலுக்கு எட்டும் தூரத்தில்தான் திப்புவின் அரண்மனை இருந்தது. கோயிலில் வழிபாடு நிற்கவில்லை, திப்பு அளித்த வெள்ளிப் பாத்திரங்கள் கோயிலில் உண்டு. 1791இல் மராட்டியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சுவாமிகளுக்குத் திப்பு கன்னடத்தில் எழுதிய கடிதங்களும் அனுப்பிய பொருளுதவியும் ஆவணமாக இருக்கின்றன. 1916இல் மைசூர்த் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் அவற்றை மடத்தில் கண்டெடுத்தார். இவற்றில் ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கிவிடாது என்பது என் கருத்து. மேல்கோட்டையின் துயரமும் சிருங்கேரியின் கடிதமும் ஒரே ஆட்சியில் நிகழ்ந்தவை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.

மேல்கோட்டை வழி எழுதியது:

இப்படிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு உண்டு. நன்றி, ஐயா.

அல்சூர்ச் செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கண்டோன்மென்ட் பற்றி எழுதியதை என் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய தாத்தா ராணுவக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவராம். மறுபடி வாசிக்கச் சொன்னார். இன்னும் இரண்டு கேள்விகள். பிள்ளைகளுக்குப் போர்க்கதையும் மதிலும் மட்டும் போதாது, ஆறு சார்ந்து வேறு என்ன காட்டலாம்? உடையார் மன்னர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

ஏரிக்கரைப் பறவை எழுதியது:

பிள்ளைகளுக்கு ரங்கனதிட்டு இருக்கிறது, அம்மா. கோட்டையிலிருந்து சில கிலோமீட்டர் மேற்கே, ஆற்றின் நடுவே இருக்கும் சிறு திட்டுகளின் தொகுதி அது. பதினேழாம் நூற்றாண்டில் கண்டீரவ நரசராஜர் காலத்தில் பாசனத்துக்காக ஆற்றின் குறுக்கே கட்டிய தடுப்பணையால் உருவான திட்டுகள் அவை. பறவையியலாளர் சாலிம் அலியின் பரிந்துரையால் 1940இல் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது.

தை மாதம் நல்ல காலம். மஞ்சள் மூக்கு நாரையும் நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். பாறைகளில் முதலைகள் வாயைத் திறந்தபடி வெயில் காய்வதை மிக அருகில் காணலாம். மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கும். காலையில் முதல் வேலையாக இங்கே படகேறுங்கள். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ சாகர அணையிலிருந்து மிகுதியாக நீர் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள்; தையில் அந்தத் தொல்லை இராது.

சாமராஜப்பேட்டை வாசகர் எழுதியது:

உடையார்களைப் பற்றி நான் எழுதுகிறேன். விஜயநகரத்தின் பிரதிநிதி ஆண்டுவந்த இந்தத் தீவை ராஜ உடையார் 1610இல் கைப்பற்றினார். அதுவரை சிறு குறுநிலமாக இருந்த மைசூர், ஸ்ரீரங்கப்பட்டணம் கைக்கு வந்த பிறகே அரசு என்று சொல்லத்தக்கதாயிற்று. விஜயநகர அரசர்கள் கொண்டாடிய மகாநவமியைத் தொடர்ந்து அதே ஆண்டில் அவர் இங்கே தசராவைத் தொடங்கினார். மைசூர் தசரா என்று உலகம் அறிந்த விழாவின் பிறந்த ஊர் இதுதான். இன்றும் தசராக் காலத்தில் கிரங்கூர் பன்னி மண்டபத்திலிருந்து யானை ஊர்வலம் புறப்படுகிறது.

இந்த வெற்றியோடு ஒரு சாபக்கதையும் சேர்ந்திருக்கிறது. விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மாவிடம் ரங்கநாயகித் தாயாருக்கு அணிவிக்கும் நகைகள் இருந்தன. அவற்றைக் கேட்டு அரசரின் ஆட்கள் வந்தபோது, அவர் காவிரியில் பாய்ந்தாராம். தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசர்களுக்கு மக்கட்பேறு இல்லாமல் போகட்டும் என்பது அவர் சொன்னதாக வழங்கும் வாக்கு. தலக்காட்டில் கோயில்கள் மணலில் புதைந்திருப்பதையும், அரச குடும்பம் பலமுறை தத்தெடுத்தே தொடர்ந்ததையும் மக்கள் அதோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அங்கே ஆற்றங்கரையில் வைத்தே சொல்லுங்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பெங்களூர் அப்போது சிவாஜியின் தம்பி ஏகோஜியின் கையில் இருந்தது. தஞ்சையில் ஆட்சியை நிறுவிக்கொண்ட அவர், தொலைவில் இருக்கும் பெங்களூரைக் காப்பது பயனற்றது என்று விற்க முன்வந்தார். பேரம் நடக்கும்போதே மொகலாயப் படை ஊரைப் பிடித்துக்கொண்டது. முடிவில், ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து ஆண்ட சிக்க தேவராஜ உடையாருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்குப் பெங்களூர் கைமாறியது. 1687, 1690 ஆண்டுகளை ஒட்டி நடந்த இந்த வாணிபத்தால்தான் நாம் குடியிருக்கும் ஊர் மைசூர் நாட்டோடு சேர்ந்தது.

ஹைதர் 1761இல் அதிகாரத்தைப் பிடித்தபின் உடையார்கள் பெயரளவுக்கே அரசர்களாக இருந்தார்கள். 1799இல் குழந்தையாக இருந்த மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை ஆங்கிலேயர் அரியணையில் அமர்த்தினார்கள். தலைநகர் மைசூருக்குப் போயிற்று.

காவிரித்தடம் எழுதியது:

தலைநகர் போனதும் ஊர் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்று நீங்கள் காணப்போகும் அமைதிக்கு அதுவே காரணம். 1800இல் இந்த ஊருக்கு வந்த பிரான்சிஸ் புகானன் மக்கள்தொகையை ஏறத்தாழ 32,000 என்று கணக்கிட்டார். திப்பு காலத்தில் அது பல மடங்கு இருந்தது. படையும் போனபிறகு ஊர் சுருங்கிக்கொண்டே வந்தது.

லால் மஹால் என்ற அரண்மனையைத் தேடினால் அடித்தளக் கற்களே கிடைக்கும். அதன் மரங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் உதகையில் புனித ஸ்டீபன் தேவாலயத்தைக் கட்டப் பயன்படுத்தினார்கள். உதகைக்குப் போகிறவர்கள் அந்தத் தேவாலயத்தின் கனத்த உத்தரங்களை அண்ணாந்து பாருங்கள்; ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையில் மிச்சமிருப்பது அங்கே இருக்கிறது. திப்புவின் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது கோட்டையில் ஏறியது மைசூரின் புலிக்கொடி. அதன்பிறகே குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. இந்தத் தீவின் கதை எத்தனை முறை நம் ஊர்களுக்குள் வந்து போகிறது என்பதைப் பாருங்கள்.

நன்றாக நிலைத்திருப்பது 1804இல் திவான் பூர்ணய்யா கட்டிய வெல்லஸ்லி பாலம். கல்தூண்களை ஆற்றில் நட்டு, அவற்றின்மேல் கற்பலகைகளை அடுக்கிய கட்டுமானம்; எத்தனையோ வெள்ளங்கள் அதன்மேல் ஏறிப் போய்விட்டன.

கும்பஸ் மண்டபத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். திப்பு தம் தந்தைக்காகக் கட்டியது. ஹைதர், அவருடைய மனைவி பாத்திமா பேகம், திப்பு மூவரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். வெளித் தாழ்வாரத்துக் கருங்கல் தூண்களின் மெருகில் முகம் தெரியும். உட்சுவர் முழுவதும் புலிவரி தீட்டியிருக்கிறது. தந்தம் பதித்த கதவுகள் டல்ஹௌசி அளித்தவை. அது இன்றும் வழிபாட்டுக்குரிய இடம் என்பதால் குழுவினரைத் தாழ்ந்த குரலில் பேசச் சொல்லுங்கள்.

கும்பஸுக்குப் பிறகு சங்கமம். இங்கே ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: பிள்ளைகளை நீரில் இறங்க விட வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் இடத்திலும் பாறைகளுக்கிடையே சுழலும் பள்ளமும் உண்டு. படித்துறையில் நின்று கால் நனைத்தால் போதும்.

பாலாற்றங்கரை எழுதியது:

கஞ்சாமில் இறங்க நேரம் இருந்தால், நிமிஷாம்பா கோயிலுக்குப் போகும் வழியில் அபே துபுவா கட்டிய பழைய தேவாலயத்தையும் பாருங்கள். பிரெஞ்சுப் பாதிரியாரான அவர் தமிழ்நாட்டில் சில காலம் பணிபுரிந்துவிட்டு, 1799க்குப் பிறகு இந்தத் தீவுக்கு வந்தவர். அம்மைத் தடுப்பூசியை மைசூர் நாட்டில் பரப்ப உழைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அல்சூர்ச் செல்வி எழுதியது:

இவ்வளவையும் வைத்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். விடியலில் புறப்பட்டு முதலில் ரங்கனதிட்டில் படகு. பிறகு ரங்கநாதர் சேவை, சிறை, நீர்வாயில், நினைவுத்தூண். மதிய உணவுக்குப் பின் தரியா தௌலத். அங்கிருந்து கஞ்சாம், கும்பஸ், சங்கமம். தரியா தௌலத்தில் பொள்ளிலூர் ஓவியத்தின் முன் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒருவரைப் பேசச் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்த பிறகு நடக்கும் எங்கள் கூட்டத்தில் மேல்கோட்டை, சிருங்கேரி இரண்டைப் பற்றியும் பேசுவோம். மேல்கோட்டை நண்பர் வர இயலுமானால் எங்களுக்குப் பெருமை. பெரியவர்களுக்காக எதையாவது குறைக்க வேண்டுமானால் எதைக் குறைப்பது?

மேல்கோட்டை வழி எழுதியது:

கட்டாயம் வருகிறேன், அம்மா. என் தாயாரையும் அழைத்து வருகிறேன். எங்கள் வீட்டு நினைவுகளை என்னைவிட அவர் தெளிவாகச் சொல்வார்.

கண்டோன்மென்ட் வாரிசு எழுதியது:

குறைக்க வேண்டுமானால் கஞ்சாமைக் குறையுங்கள். சங்கமத்தில் வண்டி படித்துறைக்கு அருகிலேயே போகும் என்பதால் பெரியவர்களுக்குச் சிரமம் இல்லை. நினைவுத்தூண் பக்கம் மதில்மேல் ஏறும் வழி கரடுமுரடானது. அவர்கள் கீழேயே நாற்காலி போட்டு அமரட்டும், இளையவர்கள் மட்டும் ஏறட்டும். வெயில் ஏறுமுன், பதினொரு மணிக்குள் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.